வலைக்கு நாலு நட்சத்திரம், முளைக்குப் பூஜ்யம்

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. இடப்பக்கத்திலிருந்து தரையோடு ஒட்டி வந்த பந்து கோல் கீப்பரின் கைக்கு அடியில் புகுந்து கோட்டைத் தாண்டியது. தாண்டிய பந்து அங்கேயே நின்றிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். வலையின் அடி ஓரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருந்த புதர் வரைக்கும் உருண்டு போனது. நடுவர் நின்ற இடத்திலிருந்து கீப்பரின் முதுகுதான் தெரிந்திருக்கும். பந்து வெளியே கிடக்கிறது, வலையில் பெரிய அசைவில்லை. கோல் இல்லை, கோல் கிக் என்று கையைக் காட்டிவிட்டார். ஓர் அணியே அவரைச் சூழ்ந்துகொண்டு கத்த, ஒரு பையன் மட்டும் கோலுக்குப் பின்னால் போய்க் குனிந்து, வளைந்துபோன ஒரு கம்பித் துண்டை எடுத்து வந்து என் கையில் வைத்தான். "அண்ணே, முளை இதுதானே?"

அதேதான். வலையின் அடி ஓரத்தைத் தரையோடு பிடிக்க அன்று காலையில் நான்தான் அடித்தேன். வலை வாங்கி ஐந்தாவது வாரம்.

அதனால் இந்த விமர்சனத்தைப் புகழ்ந்து தொடங்க மனம் வரவில்லை. ஆனால் வலையைத் திருப்பி அனுப்பவும் இல்லை. இரண்டு சீசன் முடிந்தும் அதே வலைதான் தொங்குகிறது. பதினான்கு வருடம் கோல் கீப்பராக வலைக்கு முன்னால் நின்றவன், இப்போது அந்த வலையைக் கட்டி அவிழ்த்துப் பராமரிக்கிறவன். இரண்டு கோணத்திலும் பார்த்ததைச் சொல்கிறேன்.

பொருள் இதுதான்: முழு அளவுக் கோலுக்கான ஒரு ஜோடி வலை, முடிச்சில்லாப் பின்னல், நூல் 3 மி.மீ. தடிமன், நூல்களுக்கு நடுவே உள்ள கண் 12 செ.மீ. சதுரம். கூடவே நூறு பிளாஸ்டிக் கிளிப், இருபது கம்பி முளை, அடி ஓரத்தைத் தூக்கி மாட்டுவதற்கு எட்டு ரப்பர் பட்டை. எல்லாம் ஒரே பையில்.

அளவைப் பற்றி முதலில். கோலின் உள் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் வலையையும் அதே அளவில் தேடுவார்கள். அப்படி வாங்கினால் வலை மத்தளத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். அடித்த பந்து உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வெளியே வரும். நடுவருக்கு அது கம்பத்தில் பட்டதா, வலையில் பட்டதா என்று சந்தேகம் வரும். இந்த வலை 7.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம், மேலே 80 செ.மீ. ஆழம், கீழே 2 மீட்டர். நாடா வைத்து நானே அளந்து பார்த்தேன், சொன்ன அளவு சரியாக இருந்தது. எங்கள் கோலின் பின்பக்க வளைகம்பிக்கும் இந்த ஆழம் பொருந்தியது. உங்கள் கோலில் பின்னால் தனிக் கம்பம் நட்டுப் பெட்டி போலக் கட்டுகிறீர்கள் என்றால் இந்த வலை உதவாது, மேலேயும் கீழேயும் ஒரே ஆழம் உள்ளதைப் பாருங்கள்.

விற்றவர்கள் விளம்பரத்தில் 'நைலான்' என்று போட்டிருந்தார்கள். வலையின் மூலையில் தொங்கிய உபரி நூலில் ஒரு விரல் நீளம் நறுக்கி ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போக விரலால் அழுத்திவிட்டேன். மேலே வந்து மிதந்தது. நைலான் தண்ணீரைவிடக் கனமானது, மூழ்கும். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும்தான் மிதக்கும். கேட்டபோது, "எல்லாரும் நைலான் வலைன்னுதானே சார் கேக்கிறாங்க" என்றார்கள். உண்மையில் எனக்கு இது லாபம்தான். நைலான் தண்ணீர் குடிக்கும். நனைந்தால் தொய்ந்து, காய்ந்தால் இழுத்துக்கொள்ளும். மழைக்கு முன்னால் இழுத்துக் கட்டிய வலை, மழை விட்டதும் வயிறு தள்ளித் தொங்கும். பாலிஎத்திலீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு எதிரி வெயில். புற ஊதாக் கதிரைத் தாங்கும் கலவை சேர்க்காத நூல் சீக்கிரமே நொறுங்க ஆரம்பித்துவிடும். அது சேர்த்திருக்கிறார்களா என்று கடையில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அந்த மிதந்த துண்டைத் துடைத்து மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இனி கிளிப். இந்தப் பையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

என் வலது மோதிர விரலில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது. ஆடிய காலத்தில் வலையைக் குறுக்குக் கம்பத்தில் இரும்புக் கொக்கி வைத்துத்தான் மாட்டுவார்கள், டீக் கோப்பை தொங்கவிடுகிற கொக்கி மாதிரி. மேல்மூலைப் பந்தைத் தட்டிவிடத் தாவியபோது விரல் அதில் சிக்கியது. உடம்பு இறங்கியது, விரல் இறங்கவில்லை. மோதிரம் போட்டிருந்தால் விரலே போயிருக்கும் என்று தையல் போட்டவர் சொன்னார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2007-08 சீசனிலிருந்து இந்த இரும்புக் கொக்கியைத் தடை செய்தது. கோலில் கொக்கி இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது என்று நடுவர்களுக்கு உத்தரவு. பிளாஸ்டிக் கிளிப், அம்புமுனைக் கொக்கி, டேப், இவை மட்டும்தான் அனுமதி. அதற்குப் பிறகும் இரும்புக் கொக்கியோடு நிற்கும் கோல்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் மைதானத்தில் இருந்தால், இந்த விமர்சனத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு இடுக்கியை எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றும் தப்பில்லை.

அலுமினியக் கம்பத்தின் பின்பக்கம் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். இந்தக் கிளிப்பின் தலை நீள்சதுரம். தலையைப் பள்ளத்துக்கு இணையாக வைத்து உள்ளே தள்ளி, கால்வட்டம் திருப்பினால் 'டக்' என்று உட்காரும். வெளியே தெரிவது ஒரு கொக்கிவாய் மட்டும், அதில் வலையின் ஓரக் கயிற்றை அழுத்தினால் நுழைந்துவிடும். வாயின் இடுக்கில் என் சுண்டு விரல் நுனிகூடப் போகவில்லை. அதுதான் எனக்கு வேண்டியது. பள்ளமில்லாத உருளைக் கம்பம் என்றால் இந்தக் கிளிப் வேலைக்காகாது, வெல்க்ரோ பட்டையோ டேப்போதான். கேபிள் டை போட்டுக் கட்டுகிறவர்களும் உண்டு. அவசரத்துக்கு நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் நறுக்கிய முனை பிளேடு மாதிரி நிற்கும், வெள்ளை நிற டை வெயிலில் சீக்கிரமே உடையும்.

கோலுக்கு ஐம்பது கிளிப் என்பது கணக்காக இருக்கிறது, மிச்சமில்லை. ஒரு கண் விட்டு ஒரு கண்ணில் மாட்டினால் குறுக்குக் கம்பத்துக்கு முப்பது, பக்கத்துக்குப் பத்து. அவ்வளவுதான், பை காலி. கம்பத்தின் கீழ் ஒரு மீட்டரில் மட்டும் கண்ணுக்கு ஒரு கிளிப் போட வேண்டும் என்பது என் கட்சி. தரையோடு வரும் பந்து பக்கவாட்டில் இடிக்கும் இடம் அது. அங்கே ஓரக் கயிறு தொய்ந்தால் வெளியிலிருந்து வந்த பந்துகூடக் கம்பத்துக்கும் வலைக்கும் நடுவே உள்ளே புகுந்துவிடும். தனியாக இருபது கிளிப் வாங்கிப் போட்டேன். இரண்டு சீசனில் உடைந்தவை ஏழு. அதில் ஐந்து, சின்னப் பையன்கள் வலையைப் பிடித்துத் தொங்கியதால் போனவை. அதைக் கிளிப்பின் கணக்கில் எழுத மாட்டேன்.

முளைக்கு வருவோம்.

சைக்கிள் ஸ்போக்கைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு சாண் நீளம். கையால் அழுத்தினாலே தரையில் இறங்கிவிடுகிறது என்று முதல் நாள் சந்தோஷப்பட்டேன். கையால் இறங்கியது கையாலேயே வெளியே வரும் என்பது அப்போது உறைக்கவில்லை. காய்ந்த தரையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் வளைகிறது. நனைந்த தரையில், பந்து பின்வலையில் மோதி வலை மேலே எம்பும்போது கூடவே எழுந்து வருகிறது. அதோடு எண்ணிக்கையும் போதாது. அடி ஓரம் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மீட்டர், பின்னால் ஏழரை, ஆக மொத்தம் பதினொன்றரை மீட்டர். அதற்குப் பத்து முளை என்றால் நடுவே ஒரு மீட்டருக்கும் மேல் இடைவெளி. இரண்டு முளைக்கு நடுவில் ஓரக் கயிற்றைக் காலால் தூக்கிப் பார்த்தேன். பந்து தாராளமாகப் போனது, எனக்கு ஆச்சரியமே இல்லை.

பட்டறையில் 10 மி.மீ. கம்பியை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, தலையைக் கைத்தடி மாதிரி வளைத்துக் கொடுக்கச் சொன்னேன். கோலுக்குப் பதினாறு. ஏறக்குறைய 70 செ.மீ. இடைவெளி. அடிக்கும்போது தலை கோலைவிட்டு வெளியே சாய்ந்திருக்க வேண்டும், கூடாரத்துக்கு அடிக்கிற மாதிரியே. நேராக அடித்தால் இழுவை முளையின் நீளவாக்கிலேயே போய் உருவிவிடும். சாய்த்து அடித்தால் மண்ணும் சேர்ந்து பிடிக்கும். வளைவு புல் மட்டத்துக்கு இறங்கும் வரை அடிக்க வேண்டும், ஒரு விரல்கடை துருத்தினாலும் யாராவது அதில்தான் போய் விழுவார்கள். வளைவில் ஆரஞ்சு பெயின்ட் அடித்துவிட்டேன். அடிக்கும்போது பதினாறு, பிடுங்கும்போது பதினாறு. ஒரு முறை பதினைந்துதான் வந்தது. விட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடித்தது புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடு. அதற்கப்புறம் எண்ணாமல் வீட்டுக்குப் போனதில்லை.

செயற்கைப் புல் மைதானக்காரர்கள் முளையைக் கையில் எடுக்கவே வேண்டாம். கோலின் அடிச்சட்டத்தோடு வலையைக் கட்டிவிட்டு, சட்டத்துக்கு மேல் எடை வைப்பதுதான் வழி. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வலை முளை வலையைத்தான் பிடிக்கும், கோலைப் பிடிக்காது. நகர்த்தக்கூடிய கோல் உட்பட எந்தக் கோலும் தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும் என்பது ஆட்ட விதியின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. வலை கட்டுவதைக்கூட அந்த விதி கட்டாயம் என்று சொல்லவில்லை. கட்டினால் சரியாகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும், கீப்பருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கோல் கவிழ்ந்து குழந்தைகள் செத்திருக்கிறார்கள். வலையில் ஏறித் தொங்குகிற ஒரு பிள்ளையின் எடை போதும் அதற்கு.

அந்த ரப்பர் பட்டைகளைப் பார்த்து முதலில் சிரித்தேன், எதற்கு இது என்று. பட்டையின் ஒரு முனையை வளைகம்பியில் சுற்றி, மறுமுனையின் கொக்கியில் அடி ஓரக் கயிற்றை மாட்டினால் வலையின் அடிப்பகுதி இடுப்புயரத்துக்குத் தூக்கி நிற்கும். இரண்டு நிமிட வேலை. புல் வெட்டும்போது வலையைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் தேவையில்லை. என் கணக்கில் வலைகள் பந்தடியால் கிழிவதைவிடப் புல்வெட்டியால் கிழிவதுதான் அதிகம். அடுத்தபடி புல்லே. மூன்று வாரம் வலையைத் தரையில் விட்டுப் பாருங்கள், கண் வழியாகப் புல் முளைத்துப் பின்னிக்கொள்ளும். அப்புறம் இழுத்தால் ஓரத்தில் பிய்யும்.

நான் ஒரு இரவு பட்டையை மாட்டச் சோம்பல்பட்டேன். காலையில் போனால் வலைக்குள் ஓர் ஆந்தை. இறக்கை மூன்று கண்ணில் மாறி மாறிச் சிக்கி, தலைகீழாகத் தொங்கி, என்னைப் பார்த்து அலகைத் தட்டிக்கொண்டிருந்தது. துண்டை மேலே போர்த்தினதும் அமைதியாகிவிட்டது. இழுத்து விடுவிக்கப் பார்த்தால் இறக்கை முறியும் என்று தோன்றியதால் கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். மூன்று இடத்தில். ஆந்தை பிழைத்துப் பறந்துவிட்டது. வலையில் ஓட்டை.

அந்த ஓட்டையின் முன்னால் உட்கார்ந்து யோசித்தபோதுதான் கண் அளவைப் பற்றி ஒன்று புரிந்தது. கண் 12 செ.மீ. சதுரம். ஒரே ஒரு நூல் அறுந்தால் இரண்டு கண் ஒன்றாகி, ஆறு பக்கமுள்ள ஒரு துளை ஆகிறது. சுற்றளவு 72 செ.மீ. விதிப்படி பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. அதாவது வலை கொஞ்சம் தொய்வாக இருந்தால் ஒரு நூல் அறுந்தாலே பந்து பிதுங்கிப் போய்விடலாம். 10 செ.மீ. கண்ணாக இருந்தால் அதே ஒரு நூல் அறுந்த துளை 60 செ.மீ.தான், பந்து நிற்கும். வாங்கும்போது இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் 10 செ.மீ. கண்தான் வாங்கியிருப்பேன். ஒரு நட்சத்திரத்தை வெட்டியது இதற்காகத்தான். அறுகோணக் கண் வலை பார்க்க அழகு, பந்து பட்டதும் அலை மாதிரி போகும். அழகுக்குக் காசு கொடுக்க நான் தயாராக இல்லை.

ஓட்டைதானே என்று நினைப்பவர்களுக்கு 2013 அக்டோபர் ஞாபகமிருக்கும். ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் ஹாஃபன்ஹைம் மைதானத்தில் லெவர்குசன் அணியின் ஷ்டெஃபான் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே போய், பக்கவலையின் ஓட்டை வழியாக உள்ளே வந்து விழுந்தது. நடுவர் கோல் கொடுத்தார். ஆட்டம் 2-1 என்று முடிந்தது, முடிவு மாற்றப்படவே இல்லை. எனக்கு நேர்ந்ததற்கு நேர் எதிர். பந்து கோலுக்குள் போனதா, இல்லையா என்ற சண்டை தாங்காமல்தான் லிவர்பூல் பொறியாளர் ஜான் அலெக்சாண்டர் புரோடி 1890-இல் கோல் வலைக்குக் காப்புரிமை வாங்கினார். 1892-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்திலேயே வலை வந்துவிட்டது. வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது, சண்டை இன்னும் ஓயவில்லை. காரணம் அந்த வலையைக் கட்டுகிற என்னைப் போன்ற ஆட்கள்.

சரி, ஓட்டை. முன்பெல்லாம் நாலு பக்கமும் இழுத்து ஒரு கேபிள் டை போட்டுச் சுருக்கிவிடுவேன். சுருக்கின இடம் பிழைக்கும், பக்கத்துக் கண் மேல் இழுவை போய் அடுத்த மாதம் அங்கே அறும். இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். அதே தடிமனில் நூல், 12 செ.மீ. அகலத்தில் ஒரு அட்டை, ஒரு வலை ஊசி. அறுந்த நூலின் இரண்டு அடிக்கட்டையையும் ஒரு விரல்கடை விட்டு நறுக்கி, லைட்டரால் உருக்கி மொட்டாக்கினேன். புது நூலை மேல் சந்திப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, அட்டையை நடுவில் வைத்து, அட்டையைச் சுற்றி இறக்கி, கீழ்ச் சந்திப்பில் வலை முடிச்சு. மீனவர்கள் போடும் அதே முடிச்சுதான். முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்காமல் இறுகவே இறுகாது. பாலிஎத்திலீன் வழுக்கும். வாலை இரண்டு விரல்கடை விட்டுத்தான் நறுக்க வேண்டும், ஒட்ட நறுக்கினால் பத்துப் பந்தடிக்குள் அவிழ்ந்துவிடும். அட்டை வைக்காமல் கண்ணளவில் கட்டியவற்றில் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் போய், குட்டையானது எல்லா இழுவையையும் வாங்கிக்கொள்ளும். மூன்று நூலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முடிச்சில்லா வலையில் மூன்று முடிச்சு, தூரத்திலிருந்து தெரியவில்லை.

சீசன் முடிந்ததும் கழற்றிக் காய வைத்துத்தான் சுருட்டுகிறேன். ஈரத்தோடு சுருட்டினால் நாறும், எலியும் கூடு கட்டும். மேல் மூலை இரண்டிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். அது இல்லாமல் சுருட்டிய வலையைப் பிரித்துப் பாருங்கள், எது தலை எது கால் என்று தெரியாமல் அரை நாள் போகும்.

இழுப்பறைத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வாரம் அதை எடுத்தேன். குறுக்குக் கம்பத்தின் நடுவில், வெயில் அதிகம் படும் இடத்திலிருந்து ஒரு நூலை நறுக்கி (பதிலுக்குப் புது நூல் கட்டி) பக்கத்தில் வைத்தேன். இழுப்பறைத் துண்டு வழவழப்பாக இருக்கிறது. வெயில் துண்டில் மெல்லிய பூனை முடி மாதிரி சிலும்பல், கட்டைவிரலில் தேய்த்தால் வெள்ளையாக லேசாக ஒட்டுகிறது. நிறம் மங்கியிருக்கிறது. இரண்டிலும் இருபது லிட்டர் வாளியைத் தண்ணீரோடு தொங்கவிட்டு நாலு முறை ஆட்டினேன். இரண்டும் தாங்கின. மூன்றாவது சீசனுக்கு அதே வலைதான். பையோடு வந்த முளைகள் தக்காளிச் செடிக்குப் பந்தல் கட்டப் போய்விட்டன, அங்கேயும் இரண்டு வளைந்துவிட்டது.